பொங்கலூர் தாண்டி நின்ற ஸ்டூடிபேக்கர்

நான்கு கதவுகளும் திறந்து கிடக்க, அந்தக் கார் சாலை நடுவில் நிற்கிறது. வைகாசி முடிகிற நேரம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று புறப்பட்டுவிட்டது. இரண்டு பக்கமும் சோளம் அறுத்த காடு, அங்கங்கே பனைமரம். தூரத்தில் சாலையின் மேல் கானல் நெளிகிறது. ரப்பர் கருகிய வாசமும் பின்சீட்டுத் தாம்பாளத்தில் இருக்கும் வெற்றிலை வாசமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன.

இந்த இடத்துக்கு நான் அடிக்கடி போய் வருகிறேன். பஸ்ஸில் அல்ல. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்து கண்ணை மூடினால் போதும், பொங்கலூர் தாண்டிவிடுவேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறார். அதற்குள் விழித்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். இதுவரை முடிந்ததில்லை.

போன வாரம் பனியன் கம்பெனிகளின் சங்குச் சத்தம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். "உங்கள் வீட்டில் மூக்கு வைத்த கார் ஒன்று இருந்ததே, அதைப் பற்றி இத்தனை வாரமாக ஏன் வாயே திறக்கவில்லை?" என்று கேட்கிறார். காரணம் இருக்கிறது ஐயா. வாயைத் திறக்காததுதான் காரணம். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

மூக்கு வண்டி

அதன் பெயர் ஸ்டூடிபேக்கர். அமெரிக்காவில் செய்தது. எங்கள் ஊரில் அந்தப் பெயர் யார் வாயிலும் முழுசாக நுழையவில்லை. முன்பக்கம் நடுவில் ஆகாய விமானத்துக்கு இருப்பதுபோல் உருண்டையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் மூக்கு வண்டி என்றே எல்லாரும் சொன்னார்கள்.

குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சொந்த நாட்டுக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனதை அப்பா வாங்கி வந்தார். அப்பா அதுவரை காளை வண்டியைத் தவிர எதையும் சொந்தமாக வைத்திருந்தவரில்லை. காட்டு வேலையை விட்டுத் திருப்பூருக்கு வந்து, ஒரு ஓட்டுக் கொட்டகையில் நான்கு பின்னல் மெஷின்களைப் போட்டு பனியன் துணி ஓட்ட ஆரம்பித்திருந்தார். வேப்பங்கொழுந்தில் பால் கலந்த மாதிரி ஒரு நிறத்தில் அந்தக் கார் வந்து கொட்டகை முன்னால் நின்றபோது, மெஷின்காரர்கள் எல்லாரும் கையில் பஞ்சோடு வெளியே வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, இதுக்கு றெக்கை எப்ப வருமுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"பார்சல்ல வந்துட்டிருக்குதுங்க," என்றார் அப்பா. முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. அவர் அப்படித்தான்.

றெக்கை இல்லாமலே அது பறந்தது என்பதுதான் என் கட்சி. அதில் ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போய்க் காலை லேசாக எடுத்தால், உள்ளே ஏதோ ஒன்று மாறி, இன்ஜின் சத்தம் அப்படியே அடங்கிவிடும். அப்புறம் காற்றின் சத்தம் மட்டும்தான். அவிநாசி ரோட்டில் புளியமரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் நழுவ, கார் தரையில் ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியாது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த வயதில் அந்தச் சத்தமின்மை போதும், மனசு எங்கெங்கோ போய்விடும்.

வண்டி செய்த அண்ணன் தம்பிகள்

டேஷ்போர்டு அறையில் துரை விட்டுப்போன ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்து அப்பாவுக்குச் சொல்வேன். அந்தக் காரைச் செய்தவர்கள் ஒரு கொல்லுப் பட்டறைக் குடும்பம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து குதிரை வண்டி செய்தார்கள். அமெரிக்காவில் மேற்கே பிழைக்கப் போன குடும்பத்தார் அந்த வண்டிகளில்தான் சட்டி பானையோடு போனார்களாம். அதில் ஒரு தம்பி தங்கம் தோண்டப் போன இடத்தில், தோண்டுவதை விட்டுவிட்டு, தோண்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து கொடுத்துத் தலையெடுத்தானாம். குதிரைக்குக் காலம் போனதும் கார் செய்ய வந்தார்கள். முதலில் செய்தது பாட்டரியில் ஓடும் காராம்.

அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்ப நம்மாளுகதான் போ," என்றார். "வண்டி செஞ்சவன் காரு செய்யறான். காடு உழுதவன் பனியன் போடறான். இதுல என்ன தப்பு?" சொந்தக்காரர்கள் நிலத்தை விட்டு வந்ததைக் குத்திக்காட்டும்போதெல்லாம் இந்தக் கதையை எடுத்து விடுவார்.

காரை வைத்துக்கொண்டிருப்பது வேறு கதை. எங்கள் பக்கத்தில் அந்த ஜாதிக் கார் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தது. ஈரோட்டில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். சாலையில் எதிரெதிரே பார்த்துவிட்டால் இரண்டு காரும் நின்றுவிடும். சௌக்கியமா என்றுகூடக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். "உங்களுக்கு ஃபேன் பெல்ட் எங்கீங்க கெடச்சுது?" என்பதுதான் முதல் வார்த்தை. வெளிநாட்டுச் சாமான் வரத்து குறைந்துகொண்டே போன காலம் அது. கோயமுத்தூர் லேத்துப் பட்டறையில் பழசைக் காட்டிப் புதுசு கடைந்து வாங்குவோம். இன்ஜின் மூட்டுகளில் எண்ணெய் கசியாமல் வைக்கிற கேஸ்கட்டைத் தக்கைத் தகடு வாங்கி நாங்களே கத்தரித்துக்கொள்வோம். பாட்டரியோ மற்றக் கார்களுக்குப் போடுவதில் பாதி சக்தி கொண்டது. மார்கழிக் காலையில் ஹாரன் அடித்தால் சளி பிடித்தவர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்பதைப் பின்னால் ஒரு நாள் இங்கிலீஷ் பேப்பரின் மூலையில் படித்தேன். நான்கைந்து வரிச் செய்தி.

"போற வண்டியா, வர்ற வண்டியா?"

எங்கள் வகையறாவில் அப்போதெல்லாம் பெண் பார்ப்பது என்று நேராக வீட்டுக்குப் போய்விட மாட்டார்கள். கோயிலில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி இரண்டு வீட்டாரும் நடந்துகொள்வார்கள். அந்தச் சித்திரையில் அவிநாசித் தேருக்குப் போயிருந்தோம். நான் ஒரு புளியமரத்து நிழலில் காரை நிறுத்தி, மூக்கின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாக்கு நிறச் சேலை கட்டிய ஒரு பெண் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தலையில் கதம்பம். தேர் இழுக்கிற கூட்டத்தின் சத்தம் தூரத்தில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இது போற வண்டியா, வர்ற வண்டியா?"

அந்தக் காரின் பின்பக்கமும் முன்பக்கம்போலவே நீண்டு கூர்மையாக முடியும். கேட்டதில் நியாயம் இருந்தது.

"டிரைவரு எங்க உக்காந்திருக்காருன்னு பாத்துத் தெரிஞ்சுக்கோணுமுங்க," என்றேன்.

"டிரைவருக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது, "தாராபுரத்துப் புள்ள. பேரு ருக்குமணி. பாத்தயல்ல?" என்றார் அப்பா. நான் ரோட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தக் காரை நான் ஓட்டினேன் என்று சொல்வதற்கில்லை. அது என்னை எங்கெங்கோ கொண்டுபோயிற்று. பல்லடத்துக்கு நூல் மூட்டை பார்க்கப் போனால்கூடப் பக்கத்து சீட்டில் ஒரு கதம்ப வாசம் உட்கார்ந்திருக்கும். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

சர்வரோக நிவாரணி

இனி எண்ணெய் விஷயத்துக்கு வர வேண்டும்.

பின்னல் மெஷினில் வட்டமாக நூற்றுக்கணக்கான ஊசிகள் இருக்கும். அவற்றுக்கு விடுகிற எண்ணெய் தண்ணீர்போல் தெளிவாக, மெலிதாக இருக்கும். வெள்ளைத் துணியில் சொட்டினாலும் துவைத்தால் போய்விடும். எங்கள் ஊரில் அதற்கு மிஞ்சிய எண்ணெய் உலகத்திலேயே கிடையாது என்று ஒரு நம்பிக்கை. சைக்கிளுக்கு அது, தையல் மெஷினுக்கு அது, கதவுக் கீலுக்கு அது. முழங்கால் வலிக்குத் தேய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

தாராபுரத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ள நாள் குறித்தார்கள். பெண்ணை உறுதி செய்து உப்பும் சர்க்கரையும் கை மாற்றுவது எங்கள் வழக்கம். அதற்கு மாப்பிள்ளை போவதில்லை. ஆனால் எங்கள் டிரைவருக்கு அம்மை போட்டுவிட்டது. காரை ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் மாப்பிள்ளைதான். ஊர் எல்லையோடு காரிலேயே இருந்துகொள்வது என்று முடிவாயிற்று.

"ஓட்டறதோட நிறுத்திக்க. எந்த மூடியையும் தொறக்காத," என்று அப்பா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

நான் திறந்தேன். மூன்று நாள் முன்பு, காலடியில் இருக்கும் விரிப்பைத் தூக்கி, பிரேக் எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் குறைந்திருந்தது. பிரேக் எண்ணெய் வாங்கக் கோயமுத்தூர் போக வேண்டும். இருக்கிறதிலேயே சுத்தமான எண்ணெய் நம் கொட்டகையிலேயே இருக்கும்போது அவ்வளவு தூரம் போவானேன் என்று, ஊசி எண்ணெயைக் கொண்டுவந்து ததும்ப ஊற்றினேன். அவளுக்காகக் காரை அலங்கரித்த மாதிரி அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அப்பா கேட்டார்

புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே கார் இழுக்க மறுத்தது. பல்லடம் தாண்டியதும் கருகல் வாசம். பொங்கலூர் தாண்டி, காட்டு நடுவில், நான்கு சக்கரமும் இறுகி நின்றுவிட்டது. பிரேக் பெடல் கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது. இன்ஜினோ எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் கைவைத்த இடம் அது ஒன்றுதான்.

காரில் அப்பா, அம்மா, அத்தை, அப்புறம் பெரியப்பா. பெரியப்பா எங்கள் பக்கத்தில் அருமைக்காரர். அதாவது கல்யாணச் சீர்களை முன்நின்று நடத்திவைக்கிறவர். அவர் வாக்குக்கு மறு வாக்கு கிடையாது. இறங்கி நின்று காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சின் ஓடுது. நாலு சக்கரமும் பூமியப் புடிச்சுக்கிச்சு. இதுக்கு மேல சாமி வாயத் தொறந்தா சொல்லோணும்? திருப்புங்க," என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு மனசில்லை. அந்தச் சம்பந்தம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. வண்டில ஏதாச்சும் கோளாறா? கோளாறுன்னா அது வண்டியோட போச்சு. பஸ்ஸப் புடிச்சுப் போயிக்கலாம். கோளாறு இல்லீன்னா பெரியப்பா சொல்றதுதான்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. பனையோலைகள் சலசலத்தன. எல்லாம் ஒரு சொப்பனத்தில் நடப்பதுபோல மெதுவாக நடந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். மூடியைத் திறக்காதே என்று சொன்னதைத் திறந்தேன் என்று, பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் முன்னால் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்லீங்கப்பா," என்றேன். "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

அப்பா உப்பும் சர்க்கரையும் இருந்த தாம்பாளத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். எதிரில் வந்த பஸ்ஸில் எல்லாரும் ஊர் திரும்பினார்கள். தாராபுரத்துக்கு ஆள் மூலம் சேதி போயிற்று. நான் காரோடு சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன்.

கோயமுத்தூர் மெக்கானிக்

இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்து, அப்புறம் லாரி பிடித்து, கோயமுத்தூர்ப் பட்டறைக்குக் காரைச் சேர்த்தோம். மெக்கானிக் பிரேக்கைக் கழற்றி, விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க, பனியன் கம்பெனி வாசம் அடிக்குது?" என்றவர், உள்ளேயிருந்த ரப்பர்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊறிய கொண்டைக்கடலைபோல் உப்பியிருந்தன. "இந்த எண்ணெய் ரப்பருக்கு ஆகாதுங்க. உப்பிப்போயி பிரேக்கக் கவ்வீருச்சு. காருமேல ஒரு தப்பும் இல்லீங்க."

அதற்குள் தாராபுரத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ராசியில்லை, பெண் கேட்டுப் போன காரே நகர மாட்டேன் என்றுவிட்டது என்று. காங்கயத்துப் பக்கமிருந்து வந்த இன்னொரு வரன் பாதியில் பின்வாங்கிவிட்டதாகவும் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் தாராபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

ருக்குமணியின் அப்பா என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் எண்ணெய் ஊற்றியதையும் பொய் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் உள்ளே பார்த்து, "அம்மணி, இங்க வா," என்று கூப்பிட்டார்.

ருக்குமணி வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மெக்கானிக் சொல்லித்தான் தெரிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க. வண்டி நின்னப்பவே தெரியும்."

"உங்கப்பா கேட்டாருங்களா?"

"கேட்டாருங்க."

"பத்தடி தள்ளி உங்கப்பா நின்னுட்டிருந்தாரு. அவருகிட்டச் சொல்ல முடியல. எங்கிட்டச் சொல்ல இத்தன தூரம் பஸ் ஏறி வந்திருக்கறீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "என்னைய ராசியில்லாதவன்னு சொன்னது நானுங்களா? சொன்னவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

"சொல்லீட்டு வர்றனுங்க."

"வாங்கன்னு நான் சொல்லலீங்க. சொல்லுங்கன்னுதான் சொன்னேன்."

திருப்பூர் வந்து இறங்கி நேராகக் கொட்டகைக்குப் போனேன். மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் சொன்னால் அப்பாவுக்கு மட்டும் கேட்கும், சுலபமாக இருக்கும் என்று ஒரு கோழைக் கணக்கு. காதோரம் போய்ச் சொன்னேன். அப்பாவுக்குக் காதில் விழவில்லை. கையைத் தூக்கினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கொட்டகையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார்.

மெஷின்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். மறுநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் தாராபுரம் போனார்கள். நானும் வருகிறேன் என்றதற்கு அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"அவங்க சொந்தக்காரங்க அத்தன பேரையும் கூட்டி வெச்சு, குத்தம் எங்க பையம்மேல, புள்ளைக்கு ஒரு குறையும் இல்லீன்னு பெரியப்பா சொல்லீட்டாரு," என்றார்.

நான் போகாமல் நின்றேன். நான் எதற்கு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது.

"கேட்டேன்," என்றார். "மானத்த விட்டு இன்னொருக்காப் பொண்ணு கேட்டேன். அந்தப் புள்ள எங்கால்ல உளுந்து கும்புட்டுப்போட்டு, 'உங்களுக்கு மருமவளா வரச் சொன்னா இப்பவே வாரனுங்க மாமா. அவருக்குப் பொண்டாட்டியா வரச் சொல்லாதீங்க'ன்னு சொல்லிப்போட்டுது."

சொல்லிவிட்டு அப்பா கால் கழுவப் போனார்.